புள்ளும் புல்லெட்டும்: ஒலியொப்புமைச் சொல்லாராய்ச்சிக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

ஆங்கிலத்தில் இளங்கோழியைக் குறிக்கும் 'புல்லெட்' என்னும் சொல் தமிழின் 'புள்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்ற கூற்றை அண்மையில் கருத்தரங்கு ஒன்றில் கேட்க நேர்ந்தது. கட்டுரை படித்தவர் ஓர் இளம் ஆய்வாளர். புள் என்பது பறவை. புல்லெட் என்பது பறவையின் இளமை. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆதலின் மூலமும் ஒன்று என்பது அவர்தம் வாதம். அவை கைதட்டி வரவேற்றது. ஐயம் எழுப்பிய ஒருவருக்குத் 'தமிழின் தொன்மையை ஏற்க மனமில்லாதவர்' என்னும் பட்டமே விடையாகக் கிடைத்தது.

அவ்வாய்வாளரைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்முறையை அவருக்குக் கற்பித்தவர்கள் தமிழ்த்துறையினராகிய நாமே. ஒரு சிறு சொல்லை முன்னிறுத்தி, ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்ளும் சொல்லாராய்ச்சி முறை தமிழுக்கு ஆக்கமன்று, கேடே என்பதை நிறுவுவதே இங்கு நோக்கமாகும். பிறர் மதத்தை முதலில் எடுத்துக்காட்டிப் பின்னர்க் களையும் நன்னூல் நெறியே ஈண்டுப் பின்பற்றப்படுகிறது.

எதிர்வாதம்

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலிமை குன்றாத வடிவில் முன்வைப்பதே நேர்மை. அதனை நான்கு கூறுகளாகத் தொகுக்கலாம்.

ஒன்று, புள், புல்லெட் என்பவற்றின் ஒலியும் பொருளும் நெருங்கியுள்ளன. இரண்டு, பறப்பவற்றின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை ஆகியவற்றைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. கிளிப்பிள்ளை என்னும் வழக்கு இன்றும் உண்டு. பிள்ளை என்பதும் புல்லெட்டை நெருங்கி ஒலிக்கிறது. மூன்று, கோழி ஐரோப்பாவிற்குரிய பறவையன்று. அதன் மூதாதையாகிய செங்காட்டுக்கோழி தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்குரியது. பறவை கிழக்கிலிருந்து சென்றபோது பெயரும் உடன் சென்றிருக்கலாம். தமிழகமோ உரோமோடு வணிகம் செய்த நாடு. நான்கு, தமிழில் புள் என்பது நிமித்தத்தையும் குறிக்கும். உரோமரும் 'புல்லுஸ்' எனப்பட்ட கோழிகளைக் கொண்டு நிமித்தம் பார்த்தனர். கி.மு. 249இல் திரெப்பானா கடற்போருக்கு முன்பு நிமித்தக் கோழிகள் இரை கொள்ள மறுத்தபோது, 'உண்ணாவிடில் பருகட்டும்' என்று உரோமத் தளபதி புப்லியுஸ் கிளாவ்தியுஸ் புல்கெர் அவற்றைக் கடலில் எறிவித்தான் என்பதும், பின்னர்ப் போரில் தோற்றான் என்பதும் உரோம வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி.

இந்நான்கையும் ஒருசேரக் கேட்போர் மயங்குவது இயல்பே. ஆயினும் ஒவ்வொன்றும் ஆய்வின்முன் நில்லாது.

சொல்லின் சொந்த வரலாறு

ஒரு சொல்லின் பிறப்பை ஆராய்வார் முதலில் செய்யவேண்டுவது அச்சொல்லை அதன் மொழியிலேயே பின்னோக்கிக் கொண்டு செல்வதாகும். புல்லெட் ஆங்கிலத்தின் தொல்சொல் அன்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொண்ட பின்னர்ப் பிரெஞ்சு வழியே வந்து குடியேறிய பல சொற்களுள் அதுவும் ஒன்று. பிரெஞ்சில் 'பூல்' என்பது பெட்டைக்கோழி. அதனோடு சிறுமை உணர்த்தும் ஈறு சேர்ந்து 'சிறுகோழி' என்னும் பொருளில் அமைந்தது அச்சொல். அன்னக்குஞ்சைக் குறிக்கும் 'சிக்னெட்', கழுகுக்குஞ்சைக் குறிக்கும் 'ஈக்லெட்' ஆகியவற்றில் காணப்படுவதும் இவ்வீறே. ஆகவே ஒப்பிடுவதற்கு எஞ்சுவது 'புல்' என்னும் முதனிலை மட்டுமே.

அம்முதனிலை இலத்தீனின் 'புல்லுஸ்' என்பதிலிருந்து வந்தது. இங்குதான் ஒலியொப்புமையாளர் தவறவிடும் செய்தி உள்ளது. புல்லுஸ் என்பதற்குப் பறவை என்பது பொருளன்று; விலங்கின் இளமை என்பதே பொருள். குதிரைக்குட்டியையும் கழுதைக்குட்டியையும் இலத்தீனார் புல்லுஸ் என்றே வழங்கினர். இதனோடு உறவுடையனவாகப் பெரும்பாலான அறிஞர் காட்டும் கிரேக்கப் 'போலோஸ்', கோத்திய 'ஃபுலா', ஆங்கில 'ஃபோல்' ஆகிய மூன்றும் குதிரைக்குட்டியைக் குறிப்பன. இலத்தீன், கிரேக்க மொழிகளின் பகரம் செருமானியக் கிளையில் ஃபகரமாகத் திரிவது கிரிம் விதி எனப்படும் ஒழுங்கு. 'தந்தை' என்னும் பொருளுடைய இலத்தீன் 'பாதெர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என நிற்பதும் இவ்விதியாலேயே. இச்சொற்களுக்கு அடியாகச் 'சிறிது' என்னும் பொருளுடைய வேரொன்றைப் பலர் கொள்வர். வேரின் நுட்பங்களில் கருத்து வேறுபாடு உண்டெனினும் இளமை, சிறுமை என்னும் பொருட்களத்தில் ஐயமில்லை.

தமிழ்ப் புள்ளோ பறவையினத்தின் பொதுப்பெயர். திருமாலின் ஊர்தியாகிய கருடனும் புள்ளே. இளமைப் பொருள் அதற்கு இல்லை. ஆகவேதான் தொல்காப்பியர் தொகுத்த ஒன்பது இளமைப் பெயர்களுள் புள் இடம்பெறவில்லை. புள்ளிலிருந்து புல்லெட் பிறந்தது என்பார், புள்ளிலிருந்து குதிரைக்குட்டி எவ்வாறு பிறந்தது என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

இரட்டித்த மெய்

இருமொழிச் சொற்களிலும் 'ல்ல', 'ள்ள' என மெய் இரட்டித்து நிற்பதை வலுவான சான்றாகக் காட்டுவோர் உளர். புள் என்பதில் ளகரம் ஒற்றையே. புள்ளை, புள்ளின், புள்ளும் என வரும்போது ஏற்படும் இரட்டிப்பு புணர்ச்சியால் விளைவது. தனித்த குற்றெழுத்தைச் சார்ந்த மெய், பின்னே உயிர் வரும்போது இரட்டிக்கும் என்னும் நன்னூல் விதியை இளங்கலை மாணவரும் அறிவர். இலத்தீன்ப் புல்லுஸிலோ, லகரத்தோடு வேறொரு மெய் ஒன்றிக் கலந்ததன் விளைவே இரட்டிப்பு என்பது மொழியியலார் பலர் கொண்ட கருத்து. அங்கு இரட்டிப்புக்குக் காரணம் ஒன்று. இங்குக் காரணம் வேறு. இரண்டின் வரலாறும் தெரியாதபோது மட்டுமே அவை ஒன்றாகத் தோன்றும்.

பிள்ளை என்பதைக் கொண்டுவருவோர் மற்றொரு தடையைக் கடக்கவேண்டும். பிள்ளையில் முதலுயிர் இகரம், புல்லுஸில் உகரம். 'புள்' ஆயின் உயிர் ஒக்கும், பொருள் ஒவ்வாது. 'பிள்ளை' ஆயின் பொருள் ஒக்கும், உயிர் ஒவ்வாது. ஒன்றில் ஒலியையும் மற்றொன்றில் பொருளையும் கடன்வாங்கி, இரண்டையும் ஒரு சொல்போலக் காட்டுவது ஆராய்ச்சியாகாது.

காலமும் வழியும்

உரோம வணிகத்தைச் சான்று காட்டும் வாதம் காலத்தால் வீழ்கிறது. கி.மு. 30இல் எகிப்து உரோமர் வசமான பின்னரே இந்தியக் கடல்வணிகம் அவர்களிடையே பெருகியது. ஆனால் கி.மு. 184 அளவில் மறைந்த நாடக ஆசிரியர் பிளாவ்துஸின் நூல்களிலேயே புல்லுஸ் வழங்குகிறது. அன்புக்குரியாரைக் கொஞ்சி அழைக்கும் வீட்டுச் சொல்லாகவும் அங்கு அது நிற்கிறது. மிளகுபோல் கப்பலில் வந்திறங்கிய புதுப்பொருளின் பெயர் அவ்வாறு இல்லறத்தில் ஊறி நிற்றல் அரிது. மேலும், கோழியோடு கிழக்கிலிருந்து ஒரு பெயர் சென்றிருப்பின் அது கோழிக்குரிய பெயராக இருத்தல் வேண்டும். எல்லா விலங்கின் இளமைக்கும் உரிய பொதுப்பெயராக இருத்தல் இயலாது. கோழிக்கு இலத்தீனார் வழங்கிய பெயர்கள் கல்லுஸ், கல்லீனா என்பன.

நிமித்தம் பற்றிய ஒப்புமை சுவையானதே. ஆனால் பறவையைக் கொண்டு வருவது உணர்தல் உலகின் பல இனத்தாரிடமும் காணப்படும் வழக்கம். உரோமர் அக்கலைக்கு இட்ட பெயர் 'அவ்ஸ்பிகியும்'. அது பறவையைக் குறிக்கும் 'அவிஸ்' என்னும் சொல்லடியாகப் பிறந்ததேயன்றிப் புல்லுஸ் அடியாகப் பிறந்ததன்று. வழக்கம் ஒத்திருப்பது சொல் ஒத்திருப்பதற்குச் சான்றாகாது.

தமிழிலிருந்து ஆங்கிலம் கொண்ட சொற்கள் இல்லையா எனின், உள்ளன. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்தில் வழங்குவதை எந்த அகரமுதலியும் மறுப்பதில்லை. காரணம், 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பயணக் குறிப்புகளிலும் கடிதங்களிலும் அச்சொற்கள் முதன்முதலாகப் பதிவான இடத்தைக் காட்டமுடிகிறது. கொண்டுசென்றவர் யார், கொண்ட பொருள் யாது என்பதையும் கூறமுடிகிறது. மெய்யான கடன்சொல் தன் வழித்தடத்தை விட்டுச் செல்லும். புல்லெட் விட்டுச் சென்ற தடம் பாரிசுக்கும் உரோமுக்கும் செல்கிறதேயன்றி முசிறிக்கு வரவில்லை.

உருவொற்றுமையும் உறவும்

ஒலி ஒத்திருப்பின் உறவு உண்டு, ஒவ்வாவிடில் உறவு இல்லை என்னும் நம்பிக்கையே இப்பிழைகளுக்கெல்லாம் வேர். ஆங்கிலத்தின் வேறிரு சொற்கள் இந்நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதைத் தெளிவாகக் காட்டும்.

வேட்டைக்குப் பழக்குவதற்காகக் கூட்டிலிருந்து எடுக்கப்பட்ட வல்லூற்றுக் குஞ்சை ஆங்கிலத்தில் 'ஐயஸ்' என்பர். பழைய வடிவம் 'நையஸ்' என்பது. ஒருமை குறிக்கும் 'எ' என்னும் முன்னிலையோடு 'எ நையஸ்' என வழங்கியதை மக்கள் 'ஆன் ஐயஸ்' எனப் பிரித்துக் கேட்டனர். பெயரின் முதல் நகரம் முன்னிலையோடு ஒட்டிக்கொண்டது. நையஸ் என்பது கூட்டுக்குஞ்சைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அதன் மூலம் கூட்டைக் குறிக்கும் இலத்தீன் 'நீதுஸ்'. நீதுஸும், பறவைக்கூட்டைக் குறிக்கும் வடமொழி 'நீட'மும், ஆங்கில 'நெஸ்ட்'டும் ஒரு வேரின என்பதில் மொழியியலாரிடையே மாறுபாடு இல்லை. 'ஐயஸ்' என்பதையும் 'நீடம்' என்பதையும் அருகருகே வைத்தால் அவற்றிடையே பொதுவான ஒலி ஒன்றுகூட இல்லை. எனினும் அவை உறவுச் சொற்கள். புள்ளும் புல்லெட்டும் ஏறக்குறைய ஒரே ஒலியுடையன. எனினும் அவை உறவற்றவை.

மறுதலையான சான்றுகளும் உள. ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் மொழிகளுள் ஒன்றாகிய ம்பாபரத்தில் நாயைக் குறிக்கும் சொல் 'டாக்' என்றே ஒலிக்கிறது. ஆங்கிலத்திலிருந்து அது கடன் பெறவில்லை. அம்மொழிக் குடும்பத்தின் பழைய 'குடக' என்னும் வடிவம் ஒலிமாற்றங்களால் தேய்ந்து தற்செயலாக அவ்வாறு வந்து நின்றது. ஆயிரக்கணக்கான சொற்களையுடைய இருமொழிகளில் இத்தகைய தற்செயல்கள் சில கிடைக்காமற் போவதே வியப்புக்குரியது.

இரண்டாவது சொல் 'பேர்ட்'. இன்று பறவையின் பொதுப்பெயராகிய இது பழைய ஆங்கிலத்தில் 'பிரிட்' என வழங்கியது. அப்போது அதன் பொருள் பறவைக்குஞ்சு என்பதே. பறவைக்குப் பொதுப்பெயர் 'ஃபுகோல்'. அது இன்று 'ஃபவுல்' எனக் கோழி முதலியவற்றின் பெயராகச் சுருங்கியது. குஞ்சின் பெயர் இனத்தின் பெயராக விரிந்தது. இந்தப் பிரிட் எங்கிருந்து வந்தது? பிற செருமானிய மொழிகளில் இதற்கு இனச்சொல் இல்லை. குஞ்சு பொரித்தலைக் குறிக்கும் 'புரூட்', 'பிரீட்' ஆகியவற்றோடு இணைத்துக் கூறப்பட்ட பழைய விளக்கம் ஒலியியல் தடையால் கைவிடப்பட்டது. 1884இல் வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவெய்திய ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகரமுதலி, தன் மொழியில் நாள்தோறும் வழங்கும் இச்சொல்லுக்கு மூலம் தெரியவில்லை என்றே பதிவு செய்தது. மொழிப்பற்று அவர்களுக்கும் உண்டு. ஆயினும் தெரியாததைத் தெரியாது என எழுதுவது தம் மொழிக்கு இழுக்கு என அவர்கள் கருதவில்லை.

முறையான உறவு யாது?

மொழியுறவை நிறுவும் நெறியைக் கற்க ஐரோப்பாவிற்குச் செல்லவேண்டுவதில்லை. தமிழின் 'குஞ்சு' மலையாளத்தில் 'குஞ்ஞு' என நிற்கிறது. இது தனித்த ஒப்புமை அன்று. மஞ்சள் மஞ்ஞள் ஆகிறது; கஞ்சி கஞ்ஞி ஆகிறது; நெஞ்சு நெஞ்ஞு ஆகிறது. அவ்வாறே தமிழின் 'பிள்ளை' தெலுங்கில் 'பில்ல' என நிற்கிறது. கள் அங்குக் கல்லு. முள் அங்கு முல்லு. ஒரு சொல்லில் கண்ட மாற்றம் அதே சூழலில் பிற சொற்களிலும் வருகிறது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் விரிவாக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி நிற்பது இவ்வொழுங்கின் மீதே.

புல்லெட் வாதத்தினரை நோக்கி ஒரே ஒரு வினா எழுப்பலாம். தமிழின் ளகரம் இலத்தீனில் இரட்டை லகரமாகுமெனின், கள், முள், பள்ளி ஆகியவற்றின் இலத்தீன் வடிவங்கள் யாவை? விடை இல்லாதவிடத்து விதி இல்லை. விதி இல்லாதவிடத்து உறவு இல்லை.

இதனால் நேரும் கேடு

'இருந்துவிட்டுப் போகட்டும், தமிழைப் பெருமைப்படுத்தும் ஒரு கூற்றால் யாருக்கு என்ன இழப்பு?' எனக் கேட்போர் உளர். இழப்பு தமிழுக்கே.

மயிலைக் குறிக்கும் வடமொழி 'மயூர' என்னும் சொல் இருக்கு வேதத்திலேயே காணப்படுகிறது. அது திராவிடத்திலிருந்து பெற்ற கடன் என்பது பரோ உள்ளிட்ட அறிஞர் பலர் ஏற்ற முடிபு. இந்தியப் பண்பாட்டு வரலாற்றில் திராவிட மொழிகளின் இடத்தை நிறுவும் சான்றுகளுள் இது சிறப்புடையது. விவிலியத்தின் எபிரேய மூலத்தில் வரும் 'துக்கி' என்னும் சொல்லைத் தமிழ்த் தோகையோடு இணைத்துக் கால்டுவெல் காட்டினார். எகிப்திய மூலம் கூறுவோரும் உளராதலின் அது இன்றும் விவாதத்திற்குரியதே எனினும், ஆய்வுலகம் பொருட்படுத்திப் பேசும் கருத்து அது. இத்தகைய சான்றுகளைப் பிறமொழித் துறையினர்முன் எடுத்துரைக்கும்போது, 'புல்லெட்டும் தமிழ்தானே?' என்னும் நகைப்பு எழுமாயின், நூறு பொய்ச் சான்றுகள் ஒரு மெய்ச் சான்றைக் கொன்றுவிட்டன என்றே பொருள். தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிக்கும் துறைகள் இந்நகைப்பின் சுமையை முதலில் தாங்குகின்றன. அங்குத் தமிழாசிரியரின் சொல் எடைபோடப்படுவது அவர்தம் ஆர்வத்தால் அன்று, அவர் காட்டும் சான்றால்.

பாவாணர் வழியினரை இக்கட்டுரை இழிவுபடுத்துவதாக எவரும் கருதவேண்டா. தேவநேயப் பாவாணர் (1902–1981) பன்மொழிப் பயிற்சியும் வாழ்நாள் உழைப்பும் உடையவர். 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவர் பொறுப்பில் தொடங்கியது தமிழ் அகராதிக்கலை வரலாற்றில் ஒரு திருப்பம். தமிழ்ச் சொற்களின் உள்ளுறவுகளை அவர் துருவி ஆய்ந்தது போற்றற்குரியது. மேலை ஆரியச் சொற்களைத் தமிழ் வேரினின்று பெறும் அவர்தம் முடிபுகள் ஆய்வுக்கு உட்பட்டவை. ஆசிரியர் ஒருவரை வழிபடுதல் வேறு, பின்பற்றுதல் வேறு. அவருடைய உழைப்பை மேற்கொள்ளாது முடிபுகளை மட்டும் எடுத்தாள்வோர் அவர் மாணவராகார். கால்டுவெல்லும் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளோடு ஒப்புமைச் சொற்பட்டியல்கள் தந்தார். திராவிடத்தைச் சித்தியக் குடும்பத்தோடு இணைக்கவும் முயன்றார். அம்முயற்சியைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. அதனால் கால்டுவெல்லின் பெருமை குறைந்துவிடவில்லை.

செய்யவேண்டுவன

தமிழ்ச் சொல்லுக்கும் பிறமொழிச் சொல்லுக்கும் உறவு கூறும் எந்த ஆய்வேடும் கட்டுரையும் பின்வரும் ஐந்து வினாக்களுக்கு விடையளித்த பின்னரே ஏற்கப்படவேண்டும் என நெறியாளர்களையும் ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களையும் இக்கட்டுரை வேண்டுகிறது.

1. ஒப்பிடப்படும் சொற்களின் மிகப் பழைய வடிவமும் பொருளும் யாவை?
2. பகுதி, விகுதி பிரித்த பின் எஞ்சுவது யாது?
3. காட்டப்படும் ஒலிமாற்றம் வேறு எத்தனை சொற்களில் அவ்வாறே வருகிறது?
4. கடன் எனின், எக்காலத்தில், எவர் வழியாகச் சென்றது?
5. அச்சொல்லுக்கு ஏற்கெனவே கூறப்பட்டுள்ள விளக்கம் யாது? அது ஏன் பொருந்தாது?

பகுபத உறுப்புகளைப் பிரித்துக் காணும் மரபில் வந்த நமக்கு இரண்டாம் வினா புதிதன்று. ஐந்தாம் வினாவே நம் ஆய்வேடுகளில் பெரிதும் விடுபடுவது.

இவ்வுழைப்பைத் தமிழின்பால் திருப்பினால் காத்திருக்கும் பணி மிகுதி. தொல்காப்பியரின் ஒன்பது இளமைப் பெயர்களுள் குஞ்சு இல்லை. இன்றோ பறவையின் இளமைக்குக் குஞ்சு என்பதே பெருவழக்கு. பார்ப்பு வழக்கொழிந்தது எப்போது? குஞ்சு அவ்விடத்தைப் பற்றியது எவ்வாறு? கீரியும் அணிலும் பருவம் முதிர்ந்த பின்னும் 'பிள்ளை' எனப் பெயர் பெறுவது ஏன்? ஆங்கிலப் பேர்ட் குஞ்சிலிருந்து பறவையாக விரிந்ததைப் போன்ற பொருள் விரிவு இங்கும் நிகழ்ந்துள்ளதா? இவற்றை ஆராயத் தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் வட்டார வழக்கும் நம் கைவசமே உள்ளன.

முடிவுரை

புல்லெட் என்பது இலத்தீன்ப் புல்லுஸிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சென்ற சொல். தமிழ்ப் புள்ளோடும் பிள்ளையோடும் அதற்கு உறவு இல்லை. இதனால் தமிழ் எதனையும் இழந்துவிடவில்லை. ஒரு மொழியின் பெருமை அது பிறமொழிகளுக்கு ஈந்ததாகக் கூறப்படும் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை.

சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பார்த்த அளவில் புலனாகாது எனத் தொல்காப்பியர் உரியியலில் அறிவுறுத்தினார். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை; விரைந்து நோக்கினார்க்குத் தோன்றாது என்றே கூறினார். ஒலி கேட்ட மாத்திரத்தில் மூலம் கூறுவோர் மேலை மொழியியலை மட்டுமன்று, தொல்காப்பியத்தையும் மறுக்கின்றனர். தமிழ் மரபைக் காக்கப் புறப்படுவோர் முதலில் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.